அறுபத்து மூன்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவள்

பாலேஸ்வரி பிள்ளை பெறவில்லை. ஆனால் அறுபத்து மூன்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். நாயன்மார் கணக்கு. ஒன்றுக்காவது பிறந்த முப்பத்தோராம் நாள் செலவு செய்தவளில்லை, ஒன்றின் மூக்கையாவது துடைத்துவிட்டவளில்லை. எல்லாம் கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி பிளாட் ஒன்றில், மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்தபடி வைத்த பெயர்கள்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. வன்னியில் உள்ள பிள்ளைகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவி செய்யவென்று வெளிநாட்டு அமைப்பு ஒன்று காசு தருகிறது. அந்தக் காசில் புளியடிமுறிப்பு என்ற ஊரிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் பின்னேரப் படிப்பு நிலையம், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கழகம், தாய்மாருக்குக் கூட்டம் என்று நடத்துவது இந்த ஒபிஸ். அதற்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. வாசலில் பித்தளைப் பலகையில் மூன்று மொழியிலும் வெட்டி மாட்டியிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. யோகநாதன் ஒபிஸ் என்று கேட்டால்தான் கீழே இடியப்பம் விற்கிற கடைக்காரர் கையை மேலே காட்டுவார்.

காசு தருகிறவர்களுக்குக் கதை வேண்டும். எத்தனை பிள்ளை படித்தது, எத்தனை தாய்மார் வந்தார்கள் என்ற இலக்கங்களைப் பார்த்து எந்த வெள்ளைக்காரர் கண்ணீர் விட்டார்? ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் வெற்றிக் கதை போகவேண்டும். முதல் பாதியில் பிள்ளை நாறவேண்டும், இரண்டாம் பாதியில் மணக்கவேண்டும். பாலேஸ்வரி அந்தத் தொழிலை இப்படித்தான் விளங்கப்படுத்துவாள். அதில் பிள்ளையின் உண்மைப் பெயர் வரக்கூடாது என்பது சிறுவர் பாதுகாப்பு விதி. வேறு பெயர் வைத்து, அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று சின்ன எழுத்தில் எழுதவேண்டும். பதினாறு வருடமாக அந்த நட்சத்திரத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறவள் அவள்தான்.

பெயர்களுக்கு அவள் அலைவதில்லை. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைப் பலகைகளையும் டியூசன் விளம்பரங்களையும் பார்ப்பாள். சோதனையில் மாவட்ட முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்கள் அந்தச் சுவர்களில் வரிசையாக ஒட்டியிருக்கும். அந்தப் பணக்காரப் பிள்ளைகளின் பெயர்களை எடுத்துச் செருப்பில்லாத பிள்ளைகளுக்கு வைப்பதில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி. தகப்பன்மாருக்கு மட்டும் அவள் மெனக்கெடுவதே இல்லை. கதையில் குடிகாரத் தகப்பன் வந்தால் அவன் பெயர் வினோதன். இதுவரைக்கும் இருபத்தொரு குடிகார வினோதன்கள். காசு தருகிற அமைப்பின் கொழும்பு அலுவலர் பஹ்மியா ஒருமுறை, "உங்கட பக்கத்தில இந்தப் பேர் வெச்சா குடிப்பாங்களோ மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். பாலேஸ்வரி சிரித்துச் சமாளித்தாள்.

வினோதன் என்பவன் உண்மையில் இருக்கிறான், லண்டனில். சண்டை ஓய்ந்து வன்னிப் பாதை திறந்த இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு பாலேஸ்வரி வன்னியிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தது அவனைக் கட்டத்தான். லொட்ஜில் ஓர் அறை, ஒரு சூட்கேஸ், அதற்குள் ஒரு கூறைச்சேலை. விசா வரும் வரும் என்று பதினெட்டு மாதம் இருந்தாள். விசாவும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. அங்கேயே ஒருத்தியைக் கட்டிவிட்டான் என்ற செய்தி மட்டும் வந்தது. இந்த ஊரில் அது புதினமே இல்லை. அந்த லொட்ஜிலேயே அப்படி நான்கு பேர் இருந்தார்கள். மற்ற மூன்று பேரும் அழுது ஊருக்குத் திரும்ப, இவள் சேலையை விற்று டைப்பிங்கும் இங்கிலீசும் படித்தாள். சுனாமிக்குப் பிறகு கொழும்பு முழுக்க நிவாரண ஒபிஸ்கள் முளைத்தபோது அதில் ஒன்றில் ஒட்டிக்கொண்டு, ஒட்டி ஒட்டி யோகநாதனிடம் வந்து சேர்ந்தாள். இப்போது நாற்பத்தேழு வயது. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அந்தக் கெட்டித்தனம்தான் வினையாகப் போயிற்று.

கதைக்கான சரக்கு புளியடிமுறிப்பிலிருந்து வரும். அங்கே வெளிக்கள வேலை செய்கிற சாம்பவி மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். பின்னணியில் ஆடு கத்தும். ஒரு பிள்ளையின் பாடு ஒரு கதைக்குக் காணாவிட்டால் பாலேஸ்வரி இரண்டு பிள்ளைகளைச் சேர்ப்பாள். பெயர்தான் மாற்றியாயிற்றே, ஆளும் கொஞ்சம் மாறினால் என்ன? முந்தின காலாண்டு சாம்பவி மூன்று பெண்பிள்ளைகளைப் பற்றி அனுப்பியிருந்தாள். ஒருத்திக்கு ஒரு காது கேட்காது. இன்னொருத்தியின் தகப்பன் முழுநேரக் குடி. மூன்றாமவள் மேனுகா, பதினோராம் வகுப்பு முடிய எழுதுகிற ஓ.எல் சோதனையில் கணக்குக்கு ஏ எடுத்தவள். மூன்றையும் குழைத்துத் துளசிகா என்று ஒருத்தியை உண்டாக்கினாள் பாலேஸ்வரி. பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீற்றர் நடக்கிறாள் என்று எழுதினாள். யோகநாதன் அதை ஏழாக்கினார்.

அப்படியும் கதையில் உப்பு காணவில்லை. அப்போதுதான் அவளுடைய கை தானாக இன்னொரு வரியை எழுதியது. துளசிகாவிடம் கொப்பி இல்லை, கண்ணீர் அஞ்சலி நோட்டீசுகளின் பின்பக்கத்தில்தான் கணக்குச் செய்து பழகினாள் என்று. அதைச் சாம்பவி அனுப்பவில்லை. எங்கேயிருந்து வந்தது என்று பாலேஸ்வரியும் அன்றைக்கு யோசிக்கவில்லை. நட்சத்திரம் போட்டு அனுப்பிவிட்டு இடியப்பம் சாப்பிடக் கீழே போனாள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை யோகநாதன் தன் அறையிலிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தார். அறுபத்திரண்டு வயது, சீனி வருத்தம், ஓடுகிற ஆளில்லை.

"பாலேஸ், கதிரையில நல்லா இரும். இங்கிரிட் அம்மா துளசிகாவைப் படிப்பிக்கப் போறாவாம். தன்ரை சொந்தக் காசில. ஏ.எல் ரண்டு வருசம், கம்பஸ் நாலு வருசம்."

இங்கிரிட் அம்மா என்பவர் அந்த வெளிநாட்டு அமைப்பின் சபையில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் கணக்குச் செய்த பிள்ளையை நினைத்து இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லையாம். வெள்ளிக்கிழமையும் பிறகு மாதம் ஒருமுறையும் சூமில் பிள்ளையோடு கதைக்கவேண்டும், அந்த நோட்டீசில் ஒன்றைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அடுத்த மூன்று வருடத்துக்கான நிதிக் கோரிக்கையும் அவருடைய மேசையில்தான் கிடந்தது.

"பிள்ளை எங்கை இருக்கிறாள்?" என்றார் யோகநாதன்.

"மூண்டு இடத்தில இருக்கிறாள், சேர்."

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. விளங்கியதும் அவர் கத்தவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பதினாறு வருடமாக ஒவ்வொரு கதையையும் வாசித்துக் கையெழுத்து வைத்த மனிதர், கத்தினால் அது தனக்கும் சேர்த்துத்தான் என்று தெரியாதவரா?

"சரி. மூண்டில எதுக்கு இந்தக் காசு உண்மையாத் தேவை?"

அதற்குப் பதில் இருந்தது. மேனுகாவுக்கு. புளியடிமுறிப்புப் பள்ளிக்கூடத்தில், கம்பஸுக்குப் போகப் படிக்கிற ஏ.எல்லுக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். கணிதப் பிரிவு படிப்பதென்றால் கிளிநொச்சியில் விடுதியில் நிற்கவேண்டும். விடுதிக்குக் கட்ட வீட்டில் வழியில்லை. வகுப்பு தொடங்க மூன்று கிழமை இருந்தது. அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் ஆடைத் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகத் தாய் சொல்லியிருந்தாள். அந்தப் பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றும்.

"அப்ப மேனுகாதான் துளசிகா. மற்ற ரண்டையும் அவளில ஏத்தும். முடிஞ்சுது அலுவல்," என்றார் யோகநாதன்.

பாலேஸ்வரி மறுத்தாளா? இல்லை. முதல் நாள் அவளுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிள்ளைக்குப் படிப்பு, ஒபிசுக்குப் பணம், வெள்ளைக்காரிக்கு நித்திரை. எல்லாருக்கும் சுகம், ஒருத்தருக்கும் நட்டமில்லை. சாம்பவிக்கு அழைப்பெடுத்து விஷயத்தைச் சொன்னாள். சாம்பவி ஒரு நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலைந்துவிட்டு வியாழக்கிழமை காலை குரல் கொடுத்தாள்.

"அக்கா, மேனுகான்ரை தேப்பன் வெத்திலையே போடாத மனுசன். பிள்ளையார் கோயில் தலைவர். குடிகாரன் எண்டு ஆரும் சொன்னால் அரிவாளோடை வருவார். பள்ளிக்கூடத்துக்கு ஒண்டரைக் கிலோமீற்றர், சைக்கிளிலை போறவள். காது எண்டால், நான் ரோட்டிலை வரேக்கையே மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டு வெளியிலை வந்து நிக்கிறவள்."

"பிள்ளைக்குச் சொன்னனியோ?"

"சொன்னனான். உங்களோடை கதைக்கவேணுமாம். பக்கத்திலைதான் நிக்கிறாள்."

தொலைபேசி கை மாறியது. மேனுகாவின் குரல் சின்னதாக, ஆனால் தெளிவாக இருந்தது.

"அக்கா, எனக்கு எந்தக் காது கேக்கக்கூடாது?"

பாலேஸ்வரி வாய் திறக்க முதல், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த யோகநாதன் முந்திக்கொண்டார். "இடது பிள்ளை. இடது. தலைமயிரை அந்தப் பக்கம் இழுத்து விடு."

"ஓம் சேர். நடக்கிறதும் ஏழு எண்டு சொல்லுறன். நோட்டீசும் கொஞ்சம் எடுத்து வைச்சிருக்கிறன், இண்டைக்கு அதிலை கணக்குச் செய்வன். ஒண்டு மட்டும்." பிள்ளை கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவைக் குடிகாரன் எண்டு நான் சொல்லமாட்டன். அவர் செத்துப்போட்டார் எண்டு சொல்லட்டோ? அதுக்கு அவருக்குக் கோவம் வராது."

யோகநாதன் அதற்கும் ஏதோ சொன்னார். பாலேஸ்வரிக்கு அது காதில் ஏறவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதினாறு வருடமாக அவள் கதை கட்டியது ஒரு பேப்பரில். இப்போது ஒரு பிள்ளை தன் காதைக் கொடுக்கிறாள், தகப்பனைச் சாகக் கொடுக்கிறாள், அதுவும் விடுதிக் காசுக்காக. ஆறு வருடத்துக்கு ஒவ்வொரு மாதமும் அந்த அம்மாவோடு கதைக்கும்போது அவள் செவிடாக இருக்கவேண்டும். இதையெல்லாம் கட்டிக்கொடுத்தது யார்? வேறு யார், இந்த மகாராணிதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பஹ்மியா வந்தாள். இங்கிரிட் அம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தங்களுடைய ஆள் ஒருவர் இருக்கவேண்டும் என்பது அவர்களின் ஒழுங்கு. யோகநாதன் தேத்தண்ணியோடு கடிக்கப் பட்டிஸ் வாங்கி வைத்திருந்தார். பெரிய திரையில் ஒரு பக்கம் நரைத்த தலையோடு இங்கிரிட் அம்மா, மறுபக்கம் படிப்பு நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே மேனுகா. பாலேஸ்வரி அவளைக் கண்ணால் காண்பது அதுதான் முதல் தடவை. வெள்ளைப் பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல். ஒரு பின்னலை மட்டும் தளர்த்தி இடது காதை மூடி விட்டிருந்தாள். மடியில் நான்கைந்து கண்ணீர் அஞ்சலி நோட்டீசுகள்.

இங்கிரிட் அம்மா "ஹலோ" என்றார். மேனுகா உடனே பதில் சொல்லவில்லை. தலையைச் சரித்து வலது காதைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு மெல்லத் திரும்பிச் சிரித்தாள். எவ்வளவு அருமையாகச் செய்தாள் தெரியுமா? முந்தின நாள் முழுக்கப் பழகியிருக்கவேண்டும். ஏ எடுத்த பிள்ளையல்லவா, எதையும் ஒழுங்காகத்தான் செய்வாள்.

"மிஸ் பஹ்மியா," என்றாள் பாலேஸ்வரி. "அந்தப் பிள்ளைக்கு ரண்டு காதும் கேக்கும்."

யோகநாதனின் கையில் பட்டிஸ் நின்றது. பஹ்மியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத நான் அவங்களுக்குச் சொல்லவா மிஸ்?"

"சொல்லுங்கோ. எனக்கு இங்கிலீஸ் எழுத வரும், கதைக்க நாக்குத் தடக்கும். ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

நெட் போகப் போகிறது என்றார் யோகநாதன். போகவில்லை. எத்தனையோ முக்கியமான கூட்டத்தில் செத்துக் கிடந்த நெட் அன்றைக்கென்று பார்த்து அருமையாக வேலை செய்தது. பாலேஸ்வரி சொல்லச் சொல்லப் பஹ்மியா மொழிபெயர்த்தாள். துளசிகா என்று ஒருத்தி இல்லை. காது ஒருத்தியுடையது, குடிகாரத் தகப்பன் இன்னொருத்தியுடையவர், கணக்கில் ஏ எடுத்தவள் இந்தப் பிள்ளை.

இங்கிரிட் அம்மா அழுவார் என்று பாலேஸ்வரி நினைத்திருந்தாள். மனுசி அழவில்லை. முகம் சிவந்துபோய் வேகமாகப் பேசினார்.

"மூணு வருசமா உங்கட கதைய வாசிச்சு அழுதிருக்கேன், எல்லாம் பொய்யா என்டு கேக்குறாங்க," என்றாள் பஹ்மியா.

"பொய் இல்லை. எல்லாம் நடந்ததுதான். ஒரே ஆளுக்கு நடக்கேல்லை, அவ்வளவுதான்."

"அப்ப அந்த நோட்டீஸ்? அது எந்தப் பிள்ளை என்டு கேக்குறாங்க."

பாலேஸ்வரி திரையைப் பார்த்தாள். மேனுகா மடியில் இருந்த நோட்டீசுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது நான். தொண்ணூற்றாறில. யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிட்டு வன்னியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை படுத்திருந்தனாங்கள். கொப்பி வாங்கக் கிடையாது. கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு மட்டும் பஞ்சம் இருக்கேல்லை, நாளுக்கு நாலு ஒட்டுவினம். பசை காய முதல் உரிச்சால் கிழியாமல் வரும்."

பஹ்மியா இதைச் சொல்லும்போது அவளுடைய இங்கிலீசும் கொஞ்சம் தடக்கியது. அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது.

"சோதினையில நீங்க பாஸா என்டு கேக்குறாங்க."

"எழுதேல்லை. சோதினை அண்டைக்கு நாங்கள் திரும்பவும் ஓடிக்கொண்டிருந்தனாங்கள்."

பாலேஸ்வரிக்கு அழுகை வந்தது, ஆனால் யோகநாதனுக்கு முன்னால் அழுவதில்லை என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இங்கிரிட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வரி சொன்னார். இந்தப் பிள்ளையைப் பற்றி உள்ளதை உள்ளபடி ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும். அதை வாசித்த பிறகுதான் முடிவு.

"மேனுகா, தலையை நேரா வைச்சிரு பிள்ளை," என்றாள் பாலேஸ்வரி. "கழுத்து நோகும்."

அந்த ஒரு பக்கம் எழுத அவளுக்கு மூன்று நாள் சென்றது. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான கதையை அவள் எழுதியதில்லை. தகப்பன் கச்சான் பயிர் செய்கிறார், குடிப்பதில்லை. அதனால் வினோதனுக்கு இந்தத் தடவை வேலையில்லை. தாய் தாய்மார் கூட்டத்துக்கு வருவாள், பாதிக் கூட்டம் பிஸ்கட்டுக்காக என்று அவளே சொல்வாள். பிள்ளைக்குச் சைக்கிள் உண்டு, சில்லில் காற்று உண்டு. கொப்பி உண்டு. வீட்டில் கரண்ட் இல்லாத நாட்களில் படிப்பு நிலையத்தில் வந்து படித்தாள். கடைசியில் பாலேஸ்வரி இப்படி எழுதினாள்: இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, மேலே படிக்கக் காசு மட்டும் இல்லை.

யோகநாதன் வாசித்துவிட்டுத் தலையைப் பிடித்தார். மூன்று நாளும் அவளோடு சின்னச் சின்ன மஞ்சள் துண்டுகளில் எழுதித்தான் பேசினார், அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"இதுக்கு ஆர் காசு தருவான் பாலேஸ்? பிள்ளை நல்லாயெல்லே இருக்கு."

"ஓம் சேர். நல்லாத்தான் இருக்கு."

பெயர் மட்டும் மிச்சம். விதி விதிதான், மாற்றித்தான் ஆகவேண்டும். ஜன்னலால் காலி வீதிப் பக்கம் பார்த்தாள். டியூசன் சுவரில் புதிதாக ஒரு வரிசை முதலிடங்கள் ஒட்டியிருந்தார்கள். ஒரு பெயரும் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு பெயரைத் தட்டி, நட்சத்திரம் போட்டு, அடியில் வழக்கமான அந்த வரியையும் போட்டு அனுப்பினாள்.

புது நிதி மூன்று வருடத்துக்குக் கேட்ட இடத்தில் ஒரு வருடத்துக்கு வந்தது, நான்கு ஊருக்குக் கேட்ட இடத்தில் இரண்டு ஊருக்கு. யோகநாதன் அதை இன்றைக்கும் பட்டிஸ் கண்ட இடமெல்லாம் சொல்லிக்காட்டுகிறார். காது கேட்காத பிள்ளைக்கு ஒரு கருவி வாங்க இங்கிரிட் அம்மா தனியாகக் கொஞ்சம் அனுப்பினார். குடிகாரன் மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுடைய தாய் சாம்பவியைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அந்தப் பிள்ளையை விட்டது சரியென்று யாரும் சொல்லமுடியாது, பாலேஸ்வரியும் சொல்லவில்லை.

இங்கிரிட் அம்மா அனுப்பிய மேனுகாவின் விடுதிக் காசு வகுப்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, அந்த ரிப்போட்டைச் சாம்பவி அக்கா காட்டினவ. அதிலை எனக்கு ஏன் பாலேஸ்வரி எண்டு பேர் வைச்சனீங்கள்?"

"வேறை பேர் அம்பிடேல்லை."

"சரியான பழைய பேர் அக்கா. விடுதியிலை பெட்டையள் சிரிக்கினம்."

"சிரிக்கட்டும். கொப்பி இருக்கோ உன்னட்டை? கணக்குச் செய்யப் பேப்பர் காணுமோ?"

"ஓம் அக்கா, பன்னிரண்டு கொப்பி. நீங்கள் கத்திக் கதைக்கத் தேவையில்லை," என்றாள் மேனுகா. "எனக்கு ரண்டு காதும் நல்லாக் கேக்கும்."